மீன்தொட்டி வெயில்

சுசீலாவுக்குப் பொறாமை கூடவே பிறந்த குணம் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். திருச்சி உறையூரில் இருந்தவரை அக்கம்பக்கத்தில் யார் எதை வாங்கினாலும் போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொல்லிவிட்டு வருகிறவள்தான். கல்யாணமாகித் துபாயில் ஜெபல் அலி பக்கம் ஐந்து வருஷம் இருந்தபோதும் அப்படித்தான். கணவன் உமாபதி கிரேன் பராமரிப்பு எஞ்சினியர். அவனுக்குச் சலாலா துறைமுகத்தில் வேலை மாறி, 2001-ஆம் வருஷம் குழந்தையோடு ஓமனுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தக் குணம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. கரீஃப் மாதங்களில் உக்கிரமாக இருக்கும். மற்ற மாதங்களில் சற்றே அடங்கியிருக்கும்.

கரீஃப் என்பது சலாலாவின் மழைக்காலம். ஜூன் கடைசியில் கடல் பக்கமிருந்து மேகம் வந்து ஊர்மேல் உட்காரும், செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை எழுந்திருக்காது. அடித்துப் பெய்கிற மழையும் கிடையாது. பூந்தூறல், மூடுபனி, எங்கு தொட்டாலும் ஈரம், அவ்வளவுதான். எதிர்வரிசை வீடு கண்ணுக்குத் தெரியாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும். ஆனால் வளைகுடா முழுக்க நாற்பத்தெட்டு டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது இந்த ஒரு ஊர் மட்டும் ஜில்லென்று இருக்கும், மலையெல்லாம் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று எங்கிருந்தெல்லாமோ ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனத்தைக் காரில் தாண்டி வந்து, வண்டியை ஓரங்கட்டி, தூறலில் நின்று நனைவார்கள். சலாலாவில் உங்களுக்கு ஒரு வீடு இருந்தால் போதும், எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரன்கூட ஜூலை மாதம் போன் செய்து நலம் விசாரிப்பான்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் சுசீலா போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். முதல் வருஷம் அவளுக்கே என்னவென்று புரியவில்லை. பதினொரு மணி வரை தூக்கம், எழுந்தாலும் தூக்கம். மாவு புளித்துப் பொங்கி மேடையில் வழிந்தாலும் துடைக்கத் தோன்றாது. சோறு இறங்காது, ஆனால் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை நின்ற இடத்திலேயே தின்று தீர்ப்பாள். குழந்தை மஹதி ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் வெயில் அடித்ததும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வீட்டைக் கழுவிவிட்டாள். அடுத்த வருஷம் ஜூலை பிறந்ததும் மறுபடியும் அதே கதை.

ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் பாலிகிளினிக்கில் இருந்த வேலூர்க்கார டாக்டர் கௌஸ் முகம்மதுதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"இது வெயில் இல்லாததால வர்ற மனச்சோர்வும்மா. ஐரோப்பாவுல குளிர்காலத்துல நிறைய பேருக்கு வரும். வளைகுடாவுல இருந்துக்கிட்டு வெயில் பத்தலைன்னு வந்த மொத பேஷண்ட் நீங்கதான்."

மாத்திரை ஒரு வழி. வெயில் இருக்கிற இடத்துக்குப் போய்விடுவது இன்னொரு வழி. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்கென்றே செய்த பிரகாசமான விளக்குப் பெட்டியின் முன்னால் தினமும் காலையில் அரை மணி நேரம் உட்காருவது என்றார். உமாபதி யோசிக்கவே இல்லை. டிக்கெட் எடுத்துவிட்டான். இரண்டு வருஷம், 2003-லும் 2004-லும், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் தாயும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். ஜூலைக் கடைசியில் பள்ளி திறக்குமுன் உமாபதி லீவில் வந்து மஹதியை மட்டும் கூட்டிக்கொண்டு போவான். சுசீலா செப்டம்பர் முடியும்வரை உறையூர் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டு வெயிலோடு இருப்பாள். யார் கேட்டாலும் அவள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று உமாபதி சொல்லிவைத்திருந்தான். மனசு சரியில்லை என்று ஊரில் எப்படிச் சொல்வது? மாமியார் பாவம், திடகாத்திரமாக இருந்தாள்.

உடம்பு பத்தே நாளில் தெளிந்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் வருகிற போன்தான் அவளைப் படுத்தியது.

"அம்மா, நாகா ஆன்ட்டி இன்னிக்கு வெள்ளைப் பணியாரம் பண்ணாங்க. நான் எட்டு சாப்ட்டேன்."

"அம்மா, ஆன்ட்டி எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டாங்க. நீ போட்டா இழுக்கும்ல, அவங்க போட்டா இழுக்கவே இல்ல."

நாகா ஆன்ட்டி என்பது மாடி வீட்டு நாகவள்ளி. தேவகோட்டைப் பக்கம். அவள் புருஷன் உடையப்பன் அதே துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பர். சுசீலா இல்லாத இரண்டு மாதமும் மஹதியைப் பள்ளிக்கு அனுப்புவதும் சாயங்காலம் சோறு போடுவதும் அவள்தான். யாரும் கேட்காமல் தானாகவே செய்தாள், ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சுசீலாவுக்கு ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், எந்த மேகம் சுசீலாவைப் படுக்கையில் தள்ளியதோ அதே மேகத்தில்தான் நாகவள்ளி பூத்துக் குலுங்கினாள். கரீஃப் வந்தால் அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிடும். பால்கனியில் நின்று தூறலுக்கு முகம் காட்டுவாள். படியிறங்கும்போது பாட்டு வரும். முதல் வருஷம் போர்வைக்குள்ளிருந்து அந்தப் பாட்டைக் கேட்ட அன்றே சுசீலாவின் வயிற்றில் முதல் பொறி விழுந்துவிட்டது. ஒரே கட்டடம், ஒரே வானம், அவளுக்கு மட்டும் எப்படி என்று விட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். விட்டத்துக்கு மேல்தான் அவள் வீடு.

ஊரிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் சுசீலா தன் வீட்டைப் போலீஸ்காரி மாதிரி சோதனை போடுவாள். உப்பு ஜாடி இடம் மாறியிருக்கும். ரசப்பொடி டப்பாவில் வேறு யாரோ அரைத்த பொடி இருக்கும். உமாபதி சாப்பிட உட்கார்ந்து, "ரசம் என்னமோ மாதிரி இருக்கே" என்பான். முன்பெல்லாம் அவன் அப்படிச் சொன்னதில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது 2004 அக்டோபரில்.

மஹதியின் பள்ளியில் ஓப்பன் ஹவுஸ். பெற்றோர் போய் ஆசிரியையைப் பார்த்து, பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். சுசீலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். வகுப்பு ஆசிரியை, புதிதாக வந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்: மஹதியின் அம்மா வரவில்லையா, நீங்கள் அவளுக்கு என்ன உறவு? ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்து கையெழுத்துப் போட்டதெல்லாம் நாகவள்ளி. மஹதி சிரித்தாள். "நோ மிஸ், திஸ் இஸ் மை மதர். தட் வாஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தாள். குழந்தைக்கு அது வேடிக்கை. சுசீலா கையெழுத்துப் போட்ட இடத்தில் பேப்பர் கிழிந்துபோயிற்று.

"வர்ற கரீஃபுக்கு நான் ஊருக்குப் போகமாட்டேன்" என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டாள்.

"போகாம? உனக்கு முடியாமப் போயிடுமே சுசி."

"முடியலைன்னா இங்கயே கிடந்து முடியாம இருக்கேன். என் பொண்ணுக்கு நான் என்ன உறவுன்னு என்னையே கேக்குறா. இன்னும் ஒரு வருஷம் போனா நீங்களே கேப்பீங்க."

உமாபதி கியரை மாற்றினான். கிரேன் ரிப்பேர்தான் அவனுக்குத் தெரியும்.

இப்படித்தான் விளக்கு என்ற பேச்சு வந்தது. டாக்டர் கௌஸ் முகம்மது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: லைட் பாக்ஸ், ஃபுல் ஸ்பெக்ட்ரம், பத்தாயிரம் லக்ஸ். எழுதும்போதே, மூன்றாவதாக எழுதியிருப்பதுதான் முக்கியம் என்றும் சொன்னார். வெளிச்சம் எவ்வளவு பலம் என்பதைச் சொல்கிற அளவு அது. வெயிலில் இருக்கிற எல்லா நிறமும் இருந்தால் ஃபுல் ஸ்பெக்ட்ரம், ஆனால் நிறம் மட்டும் இருந்து பலம் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. உமாபதி நன்றாகத் தலையாட்டினான். சலாலாவில் அந்தச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவன் ஷார்ஜாவுக்குப் போன் போட்டான்.

ஷார்ஜாவில் இருந்தவன் பாண்டித்துரை. கல்யாணத்துக்கு முன்னால் ஜெபல் அலியில் உமாபதியோடு ஒரே ரூமில் இருந்தவன், மேலூர்க்காரன். ஜூலையில் குடும்பத்தோடு கரீஃப் பார்க்க வருவதாக இருந்தான். அவனிடம் உமாபதி சொன்னபோது துண்டுச் சீட்டு வீட்டில் இருந்தது. ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னான். ஃபுல் ஸ்பெக்ட்ரம் லைட், வெயில் மாதிரி இருக்கும், கேட்டு வாங்கிட்டு வாடா.

பாண்டித்துரை சொன்ன சொல் தவறாதவன். ரோலா கடைத்தெருவில் சந்து சந்தாக அலைந்து, ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று எழுதியிருந்த ஒரே விளக்கைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டான். காரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சினன், ஸ்டவ், அரிசி மூட்டை. இடம் இல்லை. அட்டைப்பெட்டியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டடி டியூபையும் அதன் தகரக் கூட்டையும் மட்டும் துண்டில் சுற்றி மச்சினன் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான்.

"என்னண்ணி இது அநியாயமா இருக்கு? நாங்க அங்க அவிஞ்சு போய் இந்தத் தூத்தலுக்காக ரெண்டு நாளு வண்டியோட்டி வர்றோம். நீங்க இதப் பாத்துட்டு அழுவுறீங்களாம்ல?" என்று பாண்டித்துரை சிரித்தான்.

சுசீலா அவனுக்குக் காபி கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விருந்தாளிகளுக்கு நாலு நாளும் சமைத்துப் போட்டது நாகவள்ளி. ஐலேசா என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனதும் அவள்தான். மஹதியும் போனாள். ஈரத் தலையோடு திரும்பி வந்து, "அம்மா, செம ஜாலி" என்றாள்.

அந்த விளக்கை உமாபதி சாப்பாட்டு மேசையில் பொருத்திக் கொடுத்தான். லேசாக இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை வெளிச்சம். தினமும் காலை ஏழு மணிக்கு எழுந்து அதன் முன்னால் உட்காருவது என்று சுசீலா வைராக்கியம் வைத்தாள். எழுவதே பெரும்பாடு. கையைக் காலை வேறு யாருடையதையோ இழுப்பது போல இழுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். ஐந்து நாள், பத்து நாள், பதினைந்து நாள். உள்ளே ஒன்றும் நகரவில்லை. ஊருக்குப் போகாமல் இருந்ததால் இந்தத் தடவை முன்னைவிட ஆழமாகவே போய்க்கொண்டிருந்தாள். விளக்கு நல்ல விளக்குதான், தனக்குத்தான் வெளிச்சம்கூட ஒட்டவில்லை என்று நினைத்தாள். மேலே மஹதியும் நாகவள்ளியும் ஓடிப்பிடித்து விளையாடுகிற சத்தம் கேட்கும். டக் டக்கென்று சின்னக் கால், தொம் தொம்மென்று பெரிய கால். சுசீலா விளக்கை அணைக்காமல் அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு நாள் காலை, மஹதி பள்ளிக்குக் கிளம்பும்போது விளக்கைப் பார்த்து, "அம்மா, உன் லைட்டும் ஆன்ட்டியோட ஃபிஷ் லைட்டும் சேம் சேம்" என்றாள்.

"என்ன சொன்ன?"

"ஆன்ட்டி வீட்ல ஃபிஷ் டேங்க் இருக்குல்ல, அதுக்கு மேல. இதே லைட். இதே ஸ்விட்ச்."

சுசீலா மாடி ஏறி ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும். அன்று தலைகூட வாராமல் ஏறினாள். கதவைத் திறந்த நாகவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்கக்கா, வாங்க! எம்புட்டு நாளாச்சு நீங்க மேல வந்து! உக்காருங்க, காப்பி போடுறேன்."

சுசீலா உட்காரவில்லை. கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சைச் செடி, ஐந்து சிவப்பு மீன். மேலே இரண்டடி டியூப், அதே தகரக் கூடு, அதே எழுத்து, அதே இளஞ்சிவப்பு வெள்ளை. மீன்கள் நல்ல தெம்பாகத்தான் இருந்தன.

"இது எங்க வாங்குனது?"

"ரோலாவுலக்கா. அவுக கூட்டாளி ஒருத்தர் கொண்டாந்தாரு. உள்ள இருக்க செடிக்கு வெயில் வேணும்ல, அதுக்கு இந்த ஃபுல் ஸ்பெக்ட்ரமு. மீனுக்கும் கலரு நல்லா எடுத்துக் காட்டுமாம்."

சுசீலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வாரம், மீனுக்கு வாங்கிய விளக்கின் முன்னால் சாமி முன் உட்காருவது போல உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் யார் வீட்டு மீனுக்கு! தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு அழுகையாக எல்லாம் வெளியே வந்துவிட்டது. கரீஃப், டாக்டர், திருச்சி, மாமியாருக்கு இல்லாத வியாதி, பத்தாயிரம் என்று எழுதிய சீட்டு. பொறாமையை மட்டும் சொல்லவில்லை. அந்த அழுகையிலும் அதற்கு ஒரு காவல் போட்டிருந்தாள்.

நாகவள்ளி காபி டம்ளரோடு நின்றபடியே கேட்டாள். "அப்ப நீங்க வருசா வருசம் ஊருக்குப் போனது அதுக்குத்தானாக்கா? நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஆரம்பித்து, என்ன நினைத்தாள் என்பதைச் சொல்லாமல், "சூடா குடிங்கக்கா" என்றாள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாகவள்ளி கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். இடுப்பில் சின்னப்பிள்ளையைத் தூக்குவது போல ஒரு வெள்ளைப் பெட்டி.

வளைகுடாவில் வேலை முடிந்து சொந்த நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களை லீவிங் சேல் என்று போட்டு விற்றுவிட்டுப் போவார்கள். துறைமுகத்தில் ஒரு நார்வேக்கார எஞ்சினியர் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினான். தட்டுமுட்டுச் சாமான் பார்க்கப் போன நாகவள்ளி, பழைய கம்பளிகளுக்கு அடியில் இந்தப் பெட்டி கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். பின்பக்கம் பத்தாயிரம் என்ற எண் இருந்தது. அவன் ஊரில் ஆறு மாதம் இருட்டாம், பழக்க தோஷத்தில் வெயில் நாட்டுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஒரு நாள்கூட எடுக்கவில்லையாம். சுசீலா சொன்ன நம்பரை நாகவள்ளி மறக்கவில்லை. புருஷன்மார் இரண்டு பேருக்கும் சேர்த்து இல்லாத ஞாபகம் அவளுக்கு இருந்தது.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை காட்டிக் கேட்டுக்கிட்டு, நாளைக்கே ஆரம்பிங்கக்கா. கண்ணு நேரா பாக்கக் கூடாதாம், பக்கத்துல வச்சுக்கிட்டு காய் நறுக்கலாமாம். அந்த வெள்ளைக்காரரு சொன்னாரு."

காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். சுசீலா நன்றி சொன்னாள். சொல்லும்போது தொண்டையில் மீன்முள் மாதிரி ஏதோ நின்றது. வியாதியைத் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, இவள் கையால் குணமாவதைத் தாங்க முடியாது போல இருந்தது. இந்தப் பெட்டியும் வேலை செய்யாமல் போகட்டும் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நினைத்தும்விட்டாள்.

பெட்டி வேலை செய்தது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன மறுநாள் காலை போட்டபோது கூடம் முழுக்கப் பகல் வந்து நின்றது. நாலாம் நாள் மாவு அரைத்தாள். ஏழாம் நாள் பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினாள். பத்தாம் நாள், வெளியே எதிர்வீடு தெரியாத மூடுபனி, சுசீலா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உமாபதி வாசலில் ஷூவைக் கழற்றியபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். கரீஃபில் அவள் நின்று வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை.

தெம்பு வந்ததும் சுசீலா முதல் காரியமாக இழந்ததையெல்லாம் மீட்கப் புறப்பட்டாள். உப்பு ஜாடி பழைய இடத்துக்கு வந்தது. தேவகோட்டை ரசப்பொடி குப்பைக்குப் போயிற்று. செப்டம்பர் ஓப்பன் ஹவுஸுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்கார்ந்து, அந்த ஆசிரியையிடம் அவள் கேட்காமலேயே "நான்தான் மஹதியின் அம்மா" என்றாள். காலையில் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மகளுக்கு ரெட்டைப் பின்னல் போடப் பழகினாள். இழுக்காமல் போட ஒரு வாரம் ஆயிற்று.

மஹதி மாடிக்குப் போவதைச் சுசீலா நிறுத்தினாள். நேரடியாகப் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும். திங்கள் புதன் ஹிந்தி டியூஷன், செவ்வாய் வியாழன் பரதநாட்டியம், மற்ற நாளில் ஹோம்வொர்க், வெள்ளிக்கிழமை எல்லோருமாக வெளியே. குழந்தை கேட்கும் முன்பே பதில் தயாராக இருந்தது. நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக வாரம் ஒரு முறை கேசரியோ கொழுக்கட்டையோ செய்து மேலே அனுப்பினாள். மஹதியிடம் கொடுத்தனுப்பமாட்டாள், உமாபதியிடம்தான் கொடுப்பாள். தட்டைத் திரும்பக் கொடுக்கிற சாக்கில் நாகவள்ளி இறங்கி வந்து, "மஹதி இருக்காளாக்கா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தால், "படிக்கிறா" என்று சொல்லிக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொள்வாள். நாகவள்ளி, "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போவாள். மேலே கால் சத்தம் கேட்பது நின்றது. அந்த அமைதி சுசீலாவுக்கு நன்றாகவே இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் மேகம் எழுந்து போயிற்று. வெயில் வந்தது. சுசீலா விளக்குப் பெட்டியைத் துடைத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

அக்டோபர் பாதியில் ஒரு நாள் சாயங்காலம் உடையப்பன் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"உமாபதி சாரு இல்லையா? பரவாயில்ல, உங்ககிட்டயே சொல்றேன். இவ படுத்தே கெடக்கா. மூணு வாரமாச்சு. சமைக்கிறதில்ல, சாப்புடுறதில்ல, கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. உங்களுக்கு வந்ததே, அதுதான் இவளுக்கும் வந்துருச்சு போலருக்கு. அந்த லைட்டை ஒரு பத்து நாளைக்குக் குடுத்தீகன்னா..."

சுசீலாவின் மனதில் முதலில் எழுந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் எழுந்தது நிம்மதி. நாகவள்ளி செய்த உபகாரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது, இனிமேல் தொண்டையில் முள் இருக்காது. பூத்துக் குலுங்கியவளுக்கும் ஒரு நாள் படுக்கை வந்தது என்பதில் ஒரு துளி தித்திப்பும் இருந்தது. அதை அவசரமாக விழுங்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே ஏறினாள்.

படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. மேற்கு வெயில் கட்டில் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. கண் கூசுகிற அந்த வெயிலில்தான் நாகவள்ளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சுசீலா விளக்குப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அறையில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"நாகவள்ளி, லைட்டு கொண்டுவந்திருக்கேன்."

நாகவள்ளி திரும்பினாள். முகம் வற்றியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"இவுகதான் கேட்டாகளா? அது வேணாம்க்கா. எனக்கு அது இல்ல."

"பின்ன என்ன?"

நாகவள்ளி சொன்னாள். மகள் பானுப்பிரியா தேவகோட்டையில் ஹாஸ்டலில் இருந்து ஒன்பதாவது படிக்கிறாள். கம்பெனி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் டிக்கெட் கொடுக்கும். பார்த்து இருபது மாதம் ஆகிறது. இதெல்லாம் சுசீலாவுக்குத் தெரியும். தெரியும் என்பதைத் தவிர ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"நீங்க வருசா வருசம் பொட்டியக் கட்டிக்கிட்டு மூணு மாசம் ஊருக்குப் போவீகல்ல, எனக்கு வயிறு எரியும்க்கா. கேட்டா மாமியாருக்கு ஒடம்பு சரியில்லம்பாரு சாரு. எனக்கொரு மாமியாருக்கு ஒடம்பு சரியில்லாமப் போகக் கூடாதான்னு இருக்கும். இந்த வருசம் நீங்க அழுதுக்கிட்டே நெசத்தச் சொன்னீகளே, அப்பக்கூட என்ன நெனச்சேன் தெரியுமா? அந்த நோவு எனக்கு வந்திருந்தா எனக்கும் டிக்கெட் எடுத்துருப்பாகளேன்னு நெனச்சேன். இப்புடியும் ஒருத்தி நெனப்பாளா?"

சுசீலா பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் ஒருத்தி நினைப்பாள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"நீங்க படுத்துட்டாலோ ஊருக்குப் போயிட்டாலோ மஹதி மேல வருவாள்ல. அதுக்குத்தான் நான் மழையப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவ தலையப் பின்னுறப்ப கண்ண மூடிக்கிருவேன். மூடுனா பானு தலைதான்." நாகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டாள். "உங்களுக்கு டாக்டரு அரை மணி நேரந்தான சொன்னாரு? எனக்கும் அம்புட்டுப் போதும்க்கா. தெனம் வேணாம். வாரத்துல ரெண்டு நாளு."

"அவளுக்கு டியூஷன் இருக்கே" என்று சுசீலாவின் வாய் சொல்லிவிட்டது. இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கேட்பதற்கு முன்னாலேயே வந்து விழுந்துவிட்டது.

நாகவள்ளி தலையாட்டினாள். "படிக்கட்டும்" என்றாள். மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுசீலா பெட்டியோடு இறங்கி வந்தாள். மேசையில் மஹதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நேர் வகிடு, ரெட்டைப் பின்னல், ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டிவிடக் கையை நீட்டியவள், கட்டாமல் அப்படியே விட்டாள்.

"மேல ஆன்ட்டி வீட்டுக்குப் போயிட்டு வா."

"டியூஷன்?"

"இன்னிக்கு இல்ல. ஆன்ட்டியை ரிப்பன் கட்டிவிடச் சொல்லு. அரை மணி நேரம்தான், அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட..."

மீதியைக் கேட்க மஹதி அங்கே இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்து கிடந்தது. செருப்புப் போடாமலே படியேறிய சத்தம் கேட்டது. இவ்வளவு வேகமாக அவள் தன்னை நோக்கி ஓடி வந்தது எப்போது என்று சுசீலா யோசித்துப் பார்த்தாள். நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே கால்.

இருபது நிமிஷம் மேலே ஒரு சத்தமும் இல்லை. பின்னல் அவிழ்த்துப் பின்னுகிற நேரம் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் ஒரு சிரிப்பு, மஹதியுடையது. அப்புறம் இன்னொரு சிரிப்பு. டக் டக்கென்று சின்னக் கால் ஓட, பின்னாலேயே பெரிய கால், தள்ளாடித் தள்ளாடி, தொம் தொம் என்று ஓடத் தொடங்கியது. ஐந்தே முக்கால் ஆனது. சுசீலா வாசலுக்கு வந்து மாடிப்படியைப் பார்த்து மஹதி என்று கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

ஆறு மணி ஆயிற்று. வயிறு எரியத்தான் செய்தது. அவள் கூப்பிடவில்லை.